ஒரே கட்டடத்தில் பல வைஃபை ஆக்சஸ் பாயின்டுகள் இருந்தால் ரேடியோ அமைப்புகளை எப்படி வைக்க வேண்டும்?

இரண்டு மாடி வீட்டில் நான்கு ஆக்சஸ் பாயின்டுகள் (வைஃபை சிக்னலை வெளியிடும் கருவிகள்) இருப்பதாகவும், எல்லா அறைகளிலும் சிக்னல் முழுமையாகத் தெரிந்தும் வீடியோ அழைப்புகள் அடிக்கடி நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பவரை உச்சத்திலும், சேனலின், அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் அலைவரிசைத் துண்டின், அகலத்தை வைஃபையின் இரு அலைப்பட்டைகளான 2.4 கிகாஹெர்ட்ஸில் 40, 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸாகவும் வைத்திருக்கிறீர்கள். நான் பராமரிக்கும் மாணவர் விடுதியின் வலையமைப்பும் ஏறத்தாழ இதே நிலையில்தான் என்னிடம் வந்தது. புதிய கருவி எதுவும் வாங்காமல், ரேடியோ அமைப்புகளை மாற்றியே அதைச் சரிசெய்தேன்.

ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அதைக் கேட்கும் தொலைவில் உள்ள மற்றவை தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் வீட்டில் பற்றாக்குறையாக இருப்பது சிக்னல் அல்ல, பேசுவதற்கான நேரம். நான்கு ஆக்சஸ் பாயின்டுகளும் ஒன்றையொன்று உரக்கக் கேட்டுக்கொண்டிருப்பதால் நான்கும் சேர்ந்து ஒரே கருவியின் வேலையைத்தான் செய்கின்றன.

2.4 கிகாஹெர்ட்ஸில் முதல் சேனலின் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றோடொன்று மோதாமல் 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் வைக்க முடியும் என்பதற்கு இதுவே காரணம். சேனல் 3 காலியாகத் தெரிகிறதே என்று அதில் வைத்துவிடாதீர்கள்: ஒரே சேனலில் உள்ள கருவிகளாவது முறைவைத்துப் பேசிக்கொள்ளும், பாதி மேற்பொருந்தும் சேனல்களில் உள்ளவையோ ஒன்றுக்கொன்று வெறும் இரைச்சலாகிவிடும். அகலத்தை 20-க்குக் குறையுங்கள். நான்காவது கருவியில் 2.4 ரேடியோவையே அணைத்துவிடுவது நல்லது. விடுதியில் ஆறு கருவிகளில் மூன்றில் அணைத்தேன், எந்த அறையிலும் குறை வரவில்லை.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018 அக்டோபரில் இந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆயினும் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், அவற்றில் பேசத் தொடங்கும் முன் கருவி குறைந்தது 60 நொடி கவனித்துக் கேட்கும்; ரேடாரைக் கண்டால் உடனே விலகி, 30 நிமிடத்துக்கு அந்தச் சேனலுக்குத் திரும்பாது. அழைப்பின் நடுவே அப்படி விலக நேர்ந்தால் அழைப்பு தடுமாறும். உங்களுக்கு அந்தச் சேனல்களே தேவைப்படாது: அகலத்தை 40 ஆக்கினால் 36–40, 44–48, 149–153, 157–161 என்று ரேடார் தொல்லையில்லாத நான்கு இணைகள் கிடைக்கின்றன, கருவிக்கு ஒன்றாக. அகலம் இரட்டிப்பானால் ரேடியோ உள்வாங்கும் இரைச்சலும் 3 டெசிபெல் கூடும் என்பதால், வேகச் சோதனையில் தெரியும் பெரிய எண்ணைவிட 40-இன் நிதானத்தையே நான் விரும்புகிறேன்.

அடுத்தது பவர். ஆக்சஸ் பாயின்ட் உரக்கப் பேசினாலும் கைப்பேசியால் அதே அளவு உரக்கப் பதில் சொல்ல முடியாது. முழுக் கோடுகள் தெரிந்தும் இணைப்பு திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், எந்தக் கருவியோடு சேர்வது என்று முடிவெடுப்பது கைப்பேசிதான். கீழ்த்தளக் கருவியின் சிக்னல் மேல்மாடி வரை கேட்டுக்கொண்டிருந்தால், தலைக்கு மேலேயே வேறொன்று இருந்தாலும் கைப்பேசி பழையதை விடாது. விடுதியின் கடைசி அறை மாணவர்கள் நுழைவாயில் கருவியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது இதனால்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு 17 டிபிஎம் (பவரை அளக்கும் அலகு), அதாவது 50 மில்லிவாட், 2.4-க்கு அதைவிட 6 குறைவாக 11 டிபிஎம் என்று தொடங்குங்கள். 2.4 அலைகள் சுவரை எளிதில் கடப்பதால் இந்த வேறுபாடு அவசியம்.

கருவியில் வழியிருந்தால் நொடிக்கு 1, 2, 5.5, 11 மெகாபிட் என்ற பழைய வேகங்களையும் நீக்குங்கள். ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் நொடிக்குச் சுமார் பத்து முறை வெளியாகும் அறிவிப்புச் சட்டகம் (தான் இருப்பதைத் தெரிவிக்கும் சிறு செய்தி) அந்த மிகக் குறைந்த வேகத்தில்தான் செல்கிறது. பெயர்கள் கூடக் கூட நேரம் வீணாகும். மிகப் பழைய பிரின்டர் ஏதேனும் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

இவற்றை ஒரே நாளில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிறகு ஒரு வீடியோ அழைப்பை ஓடவிட்டபடி வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு அறையிலும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே இறங்குகிறதா (மைனஸ் 70 என்றால் அதைவிட வலு குறைவு) என்று பாருங்கள்; இறங்கும் இடத்துக்கு அருகிலுள்ள கருவியின் பவரை மட்டும் 3 டெசிபெல் உயர்த்தினால் போதும்.