‘ஆபத்து குறைவு’ என்று எழுதித் தந்துவிட்டார்கள், இனி நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. மூன்று வாரத்துக்கு முன் உயிரை விடப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டான். கிளம்பும்போது ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டார்கள், மார்க் கூட்டினார்கள், ‘ஆபத்து குறைவு’ என்று எழுதித் தந்தார்கள். இப்போது சிரிக்கிறான், கிரிக்கெட் பார்க்கிறான். அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, எடுத்தால் மறுபடி அதே நினைப்பு வந்துவிடும் என்கிறாள் என் மனைவி. நான் லாரி ஓட்டுகிறேன், போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவேன். அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீடு, விவசாயம். நான் வண்டி எடுக்கலாமா? அவனிடம் பேசலாமா, கூடாதா? போலீஸ் கேஸ் ஆகுமா?

(பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்)

பதில்: உங்கள் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான், சிரிக்கிறான் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கும் மனசு லேசானது. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். முதலில் அந்தத் தாளைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

அந்தத் தாளை வைத்து நிம்மதி அடையாதீர்கள். பயப்படவும் வேண்டாம். அவனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதை அந்த மார்க் சொல்லாது, அவ்வளவுதான்.

தற்கொலை எண்ணத்தை அளக்க உலகம் முழுக்கப் பல கேள்வித்தாள்கள் இருக்கின்றன. யார் அடுத்து முயற்சி செய்வார், யார் செய்யமாட்டார் என்று அவற்றை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா? இத்தகைய தாள்களில் கேட்கப்படுவது போன்ற ஆபத்துக் காரணிகளைப் பற்றி 50 ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் ஓர் அலசல் வெளியானது. பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே மேல், அதற்குமேல் இல்லை என்பதுதான் கிடைத்த விடை. இப்படி ‘அதிகம்’, ‘குறைவு’ என்று பிரித்துவிட்டுப் பின்னால் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பிறகு உயிரிழந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ‘குறைவு’ பக்கத்தில் இருந்தவர்கள். அதே நேரம் ‘அதிகம்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு நன்றாக இருந்தார்கள். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது: யார் மறுபடி முயல்வார் என்று கணிக்க இந்த அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆளைப் பிரித்து அதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பயிற்சிக் காலத்தில் ஓர் இளைஞரிடம் இதேபோல ஒரு தாளில் டிக் அடித்து, கூட்டல் போட்டு, ‘குறைவு’ என்று எழுதி அனுப்பினேன். பதினோராவது நாள் மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: “எல்லாம் கேட்டீங்க டாக்டர், வீட்டுக்குப் போய் என்ன பண்ணப்போறேன்னு மட்டும் கேக்கல.” அன்றைக்கு அவரை விட்டுவிட்டு நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கணிக்க முடியாது என்றால் தடுக்கவும் முடியாதா? முடியும். யார் யார் என்று தெரியாமலேயே எல்லோருக்கும் செய்யக்கூடிய சில காரியங்கள் உயிரைக் காக்கின்றன. அதில் மிக முக்கியமான ஆய்வு ஒன்றில் நம் சென்னைக்கும் பங்குண்டு.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் அதை நடத்தியது: சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கரஜ், சீனாவின் யுன்செங். சென்னையில் அதை முன்னெடுத்தவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986-இல் ஸ்நேகா உதவி மையத்தைத் தொடங்கியவரும் அவர்தான். உயிரை விட முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அந்தந்த மருத்துவமனையின் வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு அதோடு, கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு பேச்சு. அப்புறம் 18 மாதத்தில் ஒன்பது தடவை போன் பண்ணியோ நேரில் போயோ “எப்படி இருக்கீங்க?” என்று ஒரு விசாரிப்பு. 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களில், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்களில். விலை உயர்ந்த மருந்தோ கருவியோ எதுவும் கிடையாது. 2008-இல் முடிவு வந்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர்.

அந்த நாட்களின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நெருக்கமாக, போகப் போக இடைவெளி விட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சில வாரங்கள், குறிப்பாக முதல் மூன்று மாதம்தான் மிகவும் கவனம் வேண்டிய காலம் என்பதால் அப்படி. உங்கள் மகன் இப்போது அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் மறுபடி முயல்கிறார் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மீதி ஐந்து பேர் அந்த வழிக்குப் போவதில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இதற்கு முன்பே, 1969-இல், சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் இன்னும் எளிமையாக ஒன்றைச் செய்து பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்தபோது தனக்கு வந்த கடிதங்கள் கொடுத்த தெம்பை அவர் மறக்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆனபின் சிகிச்சையே வேண்டாம் என்று விலகிப்போன 843 பேரில் பாதிப் பேருக்கு இரண்டு மூன்று வரிக் கடிதம் போட்டார். நீங்கள் இங்கிருந்து போய்க் கொஞ்ச நாளாகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், சந்தோஷப்படுவோம். இவ்வளவுதான் விஷயம். மருந்தைச் சாப்பிட்டீர்களா என்றோ ஏன் வரவில்லை என்றோ ஒரு வார்த்தை அதில் கிடையாது. ஐந்து ஆண்டுகளில் 24 கடிதம். கடிதம் போனவர்களிடையே தற்கொலை குறைந்தது, முதல் இரண்டு ஆண்டுகளில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

இப்போது உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன். பேச்சை எடுத்தால் நினைப்பு வந்துவிடும் என்று அவர் மட்டும் சொல்லவில்லை, பல டாக்டர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்வில் இருந்தவர்களுக்கும் முன்பு முயன்றவர்களுக்கும் கேட்டது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. இது 2005-இல் வந்தது, அதன் பிறகு வந்த ஆய்வுகளும் அதையேதான் சொல்கின்றன. அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு முன் அவர் பட்ட வேதனையை நினைத்தால் அவர் வாயடைத்துப் போனதில் ஆச்சரியமே இல்லை. அவருக்கும் யாராவது ஆறுதல் சொல்ல வேண்டும்.

எப்படிக் கேட்பது? நாலு பேர் இருக்கும் கூடத்தில் வேண்டாம். வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள், முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசுவது பையன்களுக்கு எளிது. “தம்பி, அந்த நெனப்பு இப்பவும் வருதாப்பா?” போதும். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். “இல்லப்பா” என்றால் விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். “வருது” என்றால் பதறிவிடாதீர்கள். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அப்போது என்ன செய்தால் கொஞ்சம் அடங்குகிறது என்று கேளுங்கள். “உனக்கென்ன குறை வச்சோம்?”, “எங்கள நெனச்சுப் பாத்தியா?” என்பவை மட்டும் வேண்டாம். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவன் அதைக் கேட்டால் வாயை மூடிக்கொள்வான்.

அடுத்து, உங்கள் வீடு விவசாய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நீங்கள் வண்டி எடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்: பூச்சிமருந்து எதுவும் வீட்டிலோ மாட்டுக் கொட்டகையிலோ இருக்கக் கூடாது. அண்ணனிடம் பேசி, தேவைப்படும் அன்று தேவையான அளவு மட்டும் வாங்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு இடத்தில் பூட்டி, சாவி அண்ணனிடம் மட்டும் இருக்கட்டும். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். “சாகணும்னு நெனச்சவன் எப்படியும் செத்துருவான்” என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையே இல்லை. உயிரை விடப் போன இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரை அமெரிக்காவில் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். ஆஸ்திரியாவில் முயன்று பிழைத்த 82 பேரைக் கேட்டபோது, அந்த எண்ணம் வந்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் நடுவே பத்து நிமிடத்துக்குமேல் ஆகவில்லை என்று கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடம் கைக்கு எதுவும் கிடைக்காமல் போனால் அலை அடங்கிவிடுகிறது.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் பொதுச் சேமிப்பறை வைத்து, எல்லோருடைய பூச்சிமருந்தையும் அங்கே பூட்டி வைக்கச் செய்தார்கள். அப்படிச் செய்யாத வேறு இரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். சேமிப்பறை வந்த ஊர்களில் தற்கொலை குறைந்தது. சின்ன ஆய்வுதான், 2013-இல் வெளியானது, ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. இலங்கையில் இது நாடு தழுவி நடந்தது: நச்சு அதிகமான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள், 1995-க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. விளைச்சலும் குறையவில்லை.

பையனோடு உட்கார்ந்து ஒரு தாள் எழுதுங்கள். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வடிவமைத்த ‘பாதுகாப்புத் திட்டம்’ இது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் இதைக் கொடுத்து, பின்னர் போனிலும் விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி முயல்வது 45 சதவீதம் குறைவாக இருந்தது. அவன் கையாலேயே, அவன் வார்த்தையிலேயே எழுத வேண்டும். என்னிடம் வரும் ஒரு பையன் தன் தாளை நாலாக மடித்து போன் கவருக்குள் வைத்திருக்கிறான். மடிப்பில் கிழிந்து செல்லோ டேப் போட்டிருக்கிறான். முதல் வரி: “தூக்கம் வராம மூணு மணிக்கு முழிச்சா கெட்ட நேரம் ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம்.” அடுத்தது தனியாகவே செய்யக்கூடியது: மோட்டார் கொட்டகைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. பிறகு போய் உட்காரும் இடம்: டீக்கடை பெஞ்சு. பிறகு கூப்பிட வேண்டியவர்கள்: சித்தப்பா, ஒரு சிநேகிதன். அதற்குக் கீழே டாக்டர் நம்பர், உதவி எண்கள். கடைசியில், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும், யார் செய்வார்கள் என்று.

உதவி எண்களை உங்கள் வீட்டுத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்: 14416 (டெலி மானஸ், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், இலவசம்), தமிழ்நாடு அரசின் 104, ஸ்நேகா 044-24640050. பையன் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. நடு ராத்திரி ஏதோ ஒரு டோல்கேட்டில் நிற்கும்போது உங்களுக்கு மனசு அடித்துக்கொண்டால் நீங்களும் கூப்பிடலாம். அவன் மறுபடி சாவைப் பற்றிப் பேசினாலோ, எல்லோரிடமும் விடைபெறுவதுபோல நடந்துகொண்டாலோ, பொருளை எல்லாம் பிறருக்குக் கொடுத்தாலோ அடுத்த ஓபி வரை காத்திருக்காதீர்கள். அவனைத் தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

போலீஸ் விஷயம். ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்கும் மருத்துவப் பதிவு) என்று பதிவு செய்வது நடைமுறை, விசாரிக்க ஒருவர் வரலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றம் என்று சொன்ன பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் கிடையாது. கேஸ் பயத்தில் “தவறி நடந்துவிட்டது” என்று டாக்டரிடம் மாற்றிச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் பையனுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சைதான் கிடைக்காமல் போகும்.

வண்டி எடுக்கலாமா என்றால், இந்த மாதம் தூர நடை வேண்டாம், முடிந்தால் உள்ளூர் லோடு பாருங்கள். அப்புறம் போங்கள். பிழைப்பை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவனுக்கும் அது பாரம்தான். போகும்போது தினம் ஒரு போன். வேவு பார்ப்பதுபோல வேண்டாம்: “இங்க மழை பிடிச்சிருக்கு, அங்க எப்படி? நீ சாப்டியா?” இரண்டு நிமிடம் போதும். அந்தக் கடிதங்களில் இருந்ததும் இதுதான்.

காலண்டரை எடுத்து, அவன் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து எண்ணி, 4, 7, 11-ஆம் வாரங்களையும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களையும் வட்டம் போட்டு வையுங்கள். அந்த நாட்களில் யாராவது ஒருவர், முடிந்தால் நீங்களே, நேரில் உட்கார்ந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். மாத்திரை கொடுத்திருந்தால் நன்றாக இருக்கிறான் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த தடவை ஓபிக்கு நீங்களும் கூடப் போங்கள். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள், உள்ளே முதலில் அவன் தனியாகப் பேசட்டும். பிறகு உங்களைக் கூப்பிடுவார்கள்.