வீட்டுக்குத் தெரியாமல் கவுன்சிலிங் போக முடியுமா?

முடியும். 18 வயது தாண்டியவர் பேசுவதை அவர் சம்மதமில்லாமல் வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்பதுதான் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

கோபியில் பெண் பார்க்கிறார்கள், எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு, பனியன் கம்பெனிச் சம்பளத்தில் மாதக்கணக்கில் ஃபீஸ் கட்ட முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தைக்குள் பதில் சொல்லச் சொல்லும் கெடுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எனக்குப் படுகிறது. அப்படி ஒரே முடிச்சு என்றால் நாலைந்து அமர்வே பலருக்குப் போதும்.

1. முதலில் 14416. டெலி மானஸ், அரசின் மனநல ஃபோன் சேவை. இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். நான் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். இரண்டு நிமிஷம் பேச்சே வரவில்லை. "மெதுவா சொல்லுங்க தம்பி" என்று அந்த அம்மா காத்திருந்தார்.

2. நேரில் என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மனநலப் பிரிவு. திருப்பூரில் சொந்தக்காரர் கண்ணில் படுவோமோ என்ற பயமும் இருக்காது.

3. எங்கே போனாலும் முதலிலேயே கேளுங்கள்: "என்னை மாற்றப் பார்ப்பீர்களா?" கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இலேயே சொல்லிவிட்டது.

அதுவரை பூ வைக்கும் நாளை எப்படியாவது தள்ளிப்போடுங்கள். அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் இதில் இருக்கிறது.

அப்புறம், சாகலாம் என்ற நினைப்பு வந்தால் அமர்வுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிஷமே அதே 14416ஐக் கூப்பிடுங்கள்.