காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்ற முடியவில்லை. யூரிக் ஆசிடா, சுகரா, எலும்பு வளர்ச்சியா?

கேள்வி கேட்டவர் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறார். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் உயிர் போகிறதாம். கொஞ்சம் நடந்தால் குறைந்து, கடை சாத்தும் நேரத்தில் மறுபடி பிடித்துக்கொள்கிறதாம். ஆளுக்கொரு காரணம் சொல்வதால் எந்த டெஸ்ட் எடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

சேலத்தில் பிசியோதெரபி பார்ப்பவள் நான். "காலைக் கீழ ஊனவே முடியலைங்க" என்று வருகிறவர்கள் பலர் கையில் ரிப்போர்ட்டோடுதான் வருகிறார்கள். ரிப்போர்ட்டைப் பிரிக்கும் முன் நான் கேட்பது இரண்டே விஷயம்: ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள், எங்கே வலிக்கிறது? எப்போது வலிக்கிறது? பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

நீங்கள் சொல்லும் நேரக்கணக்கு குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில் ஓடும் தசைநார்ப் பட்டையைக் காட்டுகிறது. இரவில் பாதம் தளர்ந்து கிடக்கும்போது அது இறுகிக்கொள்கிறது. எழுந்து முழு எடையையும் வைத்ததும், எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் சுருக்கென்று இழுக்கிறது. குதிகாலின் அடியில், சற்று உள்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அந்த ஒரு புள்ளியில் 'ஆ' என்று கத்த வைத்தால் பெரும்பாலும் இதுதான். நம் ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். சிமெண்ட் தரையில் தறிக்குத் தறி நடக்கும் அம்மாப்பேட்டை விசைத்தறிக்காரர்களுக்கும் இதே தொல்லைதான்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது. அதற்காக ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

யூரிக் ஆசிட் வலியின் சுபாவமே வேறு. பெரும்பாலும் நடுராத்திரியில், கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கிச் சுடும், போர்வை பட்டால்கூடத் தாங்காது. ரத்தத்தில் அளவு கூடியிருப்பதை மட்டும் வைத்து அந்த நோய் என்று முடிவுகட்ட முடியாது. வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு சரியாகவே காட்டுவதும் உண்டு.

வேலையும் காரணத்தைச் சொல்லும். ஏற்காடு எஸ்டேட்டில் சரிவில் சுமையோடு ஏறி இறங்குபவர்களுக்கும், நடந்து பழகாமல் திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து மலையேறத் தொடங்குபவர்களுக்கும் குதிகாலின் பின்பக்கம், கெண்டைக்கால் தசைநார் வந்து சேரும் இடத்தில் வலிக்கும். பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில், நடக்க நடக்கக் கூடி, உட்கார்ந்தால் குறையும் வலி என்றால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறையில் சம்மணம் போட்டே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலியைவிட மரமரப்பு அதிகம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுந்தினால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும்.

இரண்டு பாதத்திலும் விரலடி மூட்டுகள் வலித்து, கை விரல்களும் சேர்ந்து, காலை விறைப்பு அரை மணி நேரம் தாண்டியும் விடவில்லை என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

சுகர் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சுகரால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் சேர்ந்து வரும்: எரிச்சல், குறுகுறுப்பு, ராத்திரியில் கூடுதல். அதைவிட ஆபத்து, வலியே தெரியாமல் போவது. நம் வீடுகளில் குதிகால் வலி என்றதும் செங்கல்லைச் சுடவைத்து, எருக்க இலையைப் போட்டு மிதிக்கச் சொல்வார்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அந்தச் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சுகர் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே பாருங்கள். முடிவு தெரியும்வரை செங்கல் வைத்தியம் வேண்டாம். சுகர்காரர்களின் பாதத்தில் சின்னப் புண், சூடான வீக்கம், நிற மாற்றம் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சரி, உங்களுக்கு வருகிறேன். படுக்கையில் இருந்தபடியே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை மடக்காமல் விரல்களை உங்களை நோக்கி இழுத்து 30 விநாடி வையுங்கள். இப்படி மூன்று முறை செய்த பிறகு இறங்குங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். செருப்பைத் திருப்பிப் பாருங்கள்: குதிகால் பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் உள்ள எம்.சி.ஆர். செருப்பு பலருக்கு ஒத்துவருகிறது. இந்த வலி மெதுவாகத்தான் போகும், பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் துளி மாற்றமில்லை என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம், கடையில் உட்கார இடம் கேளுங்கள். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கூட்டமில்லாத நேரத்தில் உட்காருவதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் செக்‌ஷனில் நிற்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அவர்களுக்கும் கால் வலிக்கும்.