முதன்மை எண் விற்கலாம் என்று காசு கேட்டால்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "உயர்தரத்தில் கணிதம் படிக்கும் என் தம்பியிடம் ஒருவர், பெரிய முதன்மை எண்களைக் கண்டுபிடித்து வங்கிகளுக்கு விற்கலாம், சூத்திரமும் மென்பொருளும் 40,000 ரூபா என்கிறார். கொடுக்கலாமா?"

ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், தங்கச்சி.

2, 3, 5, 7 போல 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்தான் முதன்மை எண், எந்த வங்கியும் அதை விலைக்கு வாங்குவதில்லை. இணையப் பாதுகாப்பில் பரவலாக உள்ள ஆர்எஸ்ஏ முறைக்கு ஏறக்குறைய 300 இலக்கமுள்ள இரண்டு முதன்மை எண்கள் போதும், அவற்றைக் கணினியே கொஞ்ச நேரத்தில் எடுத்துக்கொள்ளும், வேறு யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அவற்றின் பெறுமதியே. விற்கிற ஆளுக்குத் தெரிந்த எண்ணால் பூட்டினால் அது என்ன பூட்டு?

அந்தச் சூத்திரமும் எனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும், கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகளும் இதே கதையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். 2இன் வலுவாக, அதாவது அடுக்காக, ஒரு முதன்மை எண்ணைப் போட்டு 1ஐக் கழித்தால் வருவதும் முதன்மை எண்ணாம். 2, 3, 5, 7 போட்டால் 3, 7, 31, 127 வரும், எல்லாம் சரி, பிள்ளை நம்பிவிடும். தம்பியை 11 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2047 வரும், 23ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 89. அப்புறம் 13, 17, 19 மூன்றுக்கும் மறுபடி சரியாக வரும், 11 மட்டும் விதிவிலக்கு என்று அந்த ஆள் சமாளிப்பார். 23இல் திரும்பவும் உடையும்: 8388607 என்பது 47 × 178481. உண்மையில் சரியாக வருவதுதான் அபூர்வம், 2024 வரை அகப்பட்டவை மொத்தமே 52.

அந்த 52ஆவதை 2024 ஒக்டோபரில் அமெரிக்கரான லூக் டியூரன்ட் கண்டுபிடித்தார். 2இன் வலு 136279841, கழித்தல் 1. இலக்கங்கள் மட்டும் 41024320, பக்கத்துக்கு 2000 வீதம் அச்சடித்தாலும் இருபதாயிரம் பக்கம் தாண்டும். 17 நாடுகளில் ஆயிரக்கணக்கான கிராபிக்ஸ் சிப்புகளை ஓடவிட்டுத்தான் பிடித்தார். அதற்குரிய பரிசு 3000 டொலர்.

பாடசாலையில் பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது), பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது) செய்ய முதன்மை எண்ணைக் காட்டிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். பிள்ளையின் கைப்போனுக்குள்ளேயே அது வேலை செய்கிறது என்று சொல்ல ஒரு பாடவேளையிலும் நேரமில்லை, பாஸ்ட் பேப்பர் செய்யத்தான் நேரம். அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட ஆட்கள் புகுந்துகொள்கிறார்கள், எனக்குக் கோபம் வருவதும் அதில்தான்.

தம்பிக்கு ஆசையிருந்தால் தடுக்காதீர்கள். இப்படிப்பட்ட முதன்மை எண்களைத் தேடும் கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சி 1996இலிருந்து நடக்கிறது, அதன் பிரைம்95 மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 40,000 ரூபாவுக்கு விற்கப் பார்ப்பதும் அநேகமாக அதையேதான். ஆனால் கணினி இரவு பகலாக முழு வேகத்தில் ஓடும், லப்டொப் சூடேறும், கரண்ட் பில்லும் ஏறும். பரீட்சை முடியட்டும், பிறகு ஓடவிடட்டும்.