'யெஸ்' என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வது

தம்பி, நீங்கள் திருகோணமலை உவர்மலையில் இருந்து லண்டன் வந்து மூன்று மாதம். வேலையிடத்தில் வெள்ளைக்காரரே 'குட் ஹேவ்' (could have) என்பதை 'குட் ஒஃவ்' (could of) என்று எழுதுகிறார்கள், என் பிழையை மட்டும் ஏன் திருத்துகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

அவர்களுடைய பிழை காதால் வருவது. 'குட் ஹேவ்' பேச்சில் சுருங்கும், கேட்டபடி எழுதிவிடுகிறார்கள். கருத்து மாறாது. எங்களுடையது தமிழில் யோசிப்பதால் வருவது, சிலது கருத்தையே புரட்டிப்போடும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்த மினக்கெட வேண்டாம். 'த' (the), 'எ' (a) விடுபட்டால் பெரும்பாலும் ஒருத்தரும் குழம்பமாட்டார்கள். தமிழில் அவற்றைப் போலக் கட்டாயமாக வரும் சொல் இல்லை, படிய ஆண்டுக்கணக்காகும்.

முதலில் பார்க்க வேண்டியது 'யெஸ்', 'நோ'. "சாப்பிடேல்லையோ?" என்று கேட்டால் "ஓம், சாப்பிடேல்லை" என்போம். நீ சொன்னது சரி என்பதற்குத்தான் அந்த ஓம். ஆங்கிலத்தில் அதே இடத்தில் 'நோ' தான் வரும். டாக்டர் "யூ ஆர் நொட் அலர்ஜிக் டு பெனிசிலின்?" என்று கேட்க, ஓம் என்ற நினைப்பில் 'யெஸ்' என்றால், ஒவ்வாமை உண்டு என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். தனி யெஸ்ஸோ நோவோ வேண்டாம். "ஐ ஆம் நொட் அலர்ஜிக்" என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது 'அன்டில்'. 'வெள்ளி மட்டும்', அதாவது வெள்ளி வரைக்கும், என்பதற்கு அன்டில் (until), 'வெள்ளிக்குள்ள' என்பதற்கு 'பை' (by). "ஐ வில் ஃபினிஷ் இட் அன்டில் ஃப்ரைடே" என்று மேலாளருக்கு எழுதினால், என்றைக்கு முடியும் என்று அவர் திரும்பக் கேட்பார்.

'டிட் யூ வென்ட்' எப்படி வருகிறது தெரியுமா? "நிலாவெளிக்குப் போனனீங்களோ?" என்பதில் இறந்தகாலம் வினைக்குள் இருக்கும், கேள்வி வாலில் 'ஓ' ஆகத் தொங்கும். ஆங்கிலத்தில் இறந்தகாலத்தை 'டிட்' வாங்கிக்கொள்ளும், வினை வெறுங்கையோடு நிற்கும்: 'டிட் யூ கோ'. 'டிடின்ட்' வந்தாலும் அப்படியே.

'சின்ஸ் டூ இயர்ஸ்' இன்னொன்று. கால அளவுக்கு 'ஃபோர்' (for), தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்' (since): ஃபோர் த்ரீ மந்த்ஸ், சின்ஸ் மார்ச். 'டிஸ்கஸ் அபௌட்' எங்களுடைய 'பற்றி' ஒட்டிக்கொண்டு வருவது, அபௌட்டை வெட்டிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களில் தேடல் பெட்டியைத் திறந்து அன்டில், டிட், சின்ஸ் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். எதில் அதிகம் பிழை வருகிறதோ அதில் இருந்து தொடங்கலாம்.