ஆய்க்குடி அமர் சேவா சங்கம் எவ்வாறு தொடங்கியது?

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கம் எப்படி உருவானது, அப்பெயரிலுள்ள 'அமர்' யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறியியல் மாணவராயிருந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வின் உடற்திறன் சோதனையின்போது கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்து ஊக்கமூட்டிய விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல்தான் அந்த 'அமர்'. மருத்துவரின் பெயரை நோயாளி தம் வாழ்நாள் பணிக்கே சூட்டியது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆண்டாக அறிவித்த 1981இல், சொந்த ஊரிலேயே சிறு பள்ளியாகச் சங்கம் தொடங்கியது. பின்னர், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர் எஸ்.சங்கர ராமன் இணைந்தார். பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி எனப் பணிகள் விரிந்தன.

என் பார்வையில் முக்கியமான திருப்பம், மறுவாழ்வுப் பணி வளாகத்தைத் தாண்டிக் கிராமங்களுக்குச் சென்றதுதான். பேருந்தேறிப் பயிற்சிக்கு வர இயலாத குழந்தையின் வீட்டுக்கே பணியாளர் சென்று, தாய்க்கும் பயிற்சிமுறைகளைக் கற்றுத்தருகிறார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.