முட்டை நுழையாத அடுப்பும் கோஷரும்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தியின் பிறந்தநாளுக்கு, மகனோடு வேலை செய்யும் யூத நண்பரைக் குடும்பத்தோடு அழைத்திருந்தோம். நாங்கள் சைவம். முட்டைகூட எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. ‘பன்றி கூடாது, மாட்டை இப்படித்தான் அறுக்கவேண்டும் என்பார்கள், நம் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை’ என்று நிம்மதியாக சாம்பார், காலிஃப்ளவர் பொரியல், உருளைக்கிழங்கு வறுவல், சேமியா பாயசம் எல்லாம் செய்துவைத்தேன். வந்தவர்கள் அன்பாகப் பேசினார்கள், குழந்தையோடு விளையாடினார்கள். ஆனால் ஆப்பிளும் ஆரஞ்சும் மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். குளிர்பான பாட்டிலைக்கூடத் திருப்பிப் பார்த்து ஏதோ குறியைத் தேடிய பிறகே குடித்தார்கள். ‘அவங்க கோஷர்மா, யூதச் சாப்பாட்டு விதி, தப்பா எடுத்துக்காதே’ என்றான் மகன். எனக்கு மனசு ஆறவில்லை. என் பாட்டி காலத்தில் எங்கள் வீட்டார் மற்றவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அதை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. இதுவும் அதே தீட்டுதானா? இல்லை, பன்றிக்கறியால் நோய் வரும் என்று அந்தக் காலத்தில் வகுத்த சுகாதார விதியா? அவர்களை மறுபடி அழைக்க ஆசை. என்ன கொடுப்பது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் சமையலில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் உங்களை ஒதுக்கவும் இல்லை. அந்த நண்பரின் கூடப்பிறந்த அண்ணன் கோஷர் பார்க்காதவராக இருந்தால், அண்ணன் வீட்டிலும் அவர் ஆப்பிளும் ஆரஞ்சும்தான் சாப்பிடுவார். தீட்டு என்ற உங்கள் சந்தேகத்துக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி இவ்வளவு எளிதல்ல. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சைவச் சமையல் என்றால் தானாகவே கோஷர்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். காய், பழம், தானியம் எல்லாமே கோஷர்தான், உண்மை. ஆனால் அவற்றில் ஒளிந்திருக்கும் பூச்சி கோஷர் அல்ல. ஊர்வனவற்றைத் தின்னக்கூடாது என்று யூத வேதமான தோராவில் லேவியராகமம் என்ற நூலின் 11ஆம் அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதனால் கீரையும் கொத்தமல்லியும் காலிஃப்ளவரும் ஆசாரமான யூத வீட்டில் பெரிய வேலை வைக்கும். இலையை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். காய்கீரையை ஊறவைத்து அலசிய தண்ணீரை மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து, துணியில் ஏதாவது ஊர்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. சந்தேகம் தீராவிட்டால் அது அடுப்புக்குப் போகாது. உங்கள் காலிஃப்ளவர் பொரியல் அவர்களுக்கு எவ்வளவு கடினமான பண்டம் என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்தது பாத்திரம். சூட்டில் பாத்திரம் தன்னில் வேகும் உணவின் சுவையை உள்வாங்கும், அடுத்து வேகும் உணவில் அதை இறக்கும் என்பது அவர்கள் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. உங்கள் குக்கரில் இறைச்சி பட்டதில்லை, சரி. பேரக்குழந்தைக்காகச் சீஸ் உருகிய வாணலி? சீஸ் உறையச் சேர்க்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். வீடு வாடகை வீடென்றால் அந்த ஓவனில் முன்பு இருந்தவர்கள் என்னென்ன வேகவைத்தார்களோ. இதையெல்லாம் விருந்துக்குப் போன இடத்தில் துருவிக் கேட்பது மரியாதை அல்ல என்பதால்தான் பெரும்பாலோர் பேசாமல் பழத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மூல விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலங்கு என்றால் பிளந்த குளம்பும் இருக்கவேண்டும், அசைபோடவும் வேண்டும். ஆடும் மாடும் மானும் ஆகும். ஒட்டகமும் முயலும் பன்றியும் ஆகாது. மீனுக்குச் சிறகும் செதிளும் வேண்டும். கெண்டை ஆகும், கெளுத்தி ஆகாது, இறாலும் நண்டும் ஆகவே ஆகாது. ஆகும் விலங்கையும், பயிற்சி பெற்றவர் பிசிறில்லாத கத்தியால் அறுக்கவேண்டும். கத்தியின் விளிம்பை நகத்தில் ஓட்டிப் பார்ப்பார், சிறு பிசிறு தட்டினாலும் கத்தி உதவாது. பிறகு நுரையீரலைச் சோதிப்பார்கள். ரத்தம் அறவே கூடாது. இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கல்லுப்பில் புரட்டிச் சாய்த்து வைத்து ரத்தத்தை வடித்து, மூன்று முறை அலசவேண்டும். அங்கே கடைகளில் ‘கோஷர் சால்ட்’ என்று பரல் உப்பு விற்பதைப் பார்த்திருப்பீர்கள், இந்த வேலைக்குப் பயன்பட்டதால் வந்த பெயர் அது. ஈரலுக்கு உப்பும் போதாது, நெருப்பில் நேரடியாகச் சுட்டே ஆகவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அன்றாட வாழ்க்கையை ஆள்வது வேறொரு விதி. வெள்ளாட்டுக்குட்டியைத் தாயின் பாலிலே சமைக்காதே என்று தோரா மூன்று இடங்களில் சொல்கிறது, யாத்திராகமத்தில் இரண்டு முறை, உபாகமத்தில் ஒரு முறை. இந்த ஒரு வரியிலிருந்து ரபிகள் என்ற யூத மதகுருக்கள் ஒரு முழுச் சமையலறையையே கட்டி எழுப்பினார்கள். எந்த இறைச்சியும் எந்தப் பாலோடும் சேரக்கூடாது. இறைச்சி சாப்பிட்டால் பலருக்கு ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால். ஜெர்மானிய யூதர்களில் அது மூன்று மணி நேரம், டச்சு யூதர்களில் ஒன்று. கோழி பால் கொடுப்பதில்லையே என்று கேட்டால், அந்தக் கேள்வி ரபிகளின் பழைய விவாதத் தொகுப்பான தால்முத்திலேயே இருக்கிறது. கலிலேயாவைச் சேர்ந்த ரபி யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் கோழியும் இறைச்சிக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ப்ரூக்ளினில் அப்படிப்பட்ட ஒரு சமையலறையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தொட்டிகள், இரண்டு அடுக்குத் தட்டுகள், இரண்டு பாத்திரம் துடைக்கும் துணிகள். சிவப்புக் கைப்பிடிக் கத்தி இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. இரண்டிலும் சேராத காய், பழம், முட்டை, மீனுக்குப் பரேவ் என்று பெயர், அதற்குப் பச்சை. அந்த வீட்டம்மா வெங்காயம் நறுக்கப் பச்சைக் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். சிவப்புக் கத்தி கழுவித் துடைத்துக் கையெட்டும் இடத்திலேயே கிடந்தது. ஏன் அது ஆகாது என்று கேட்டேன். நெடியுள்ள பொருள் கத்தியில் ஊறிய சுவையைச் சூடு இல்லாமலேயே இழுத்துக்கொள்ளும், சிவப்புக் கத்தியில் நறுக்கினால் இந்த வெங்காயத்தை நாளைக்குச் சீஸ் ஆம்லெட்டில் போடமுடியாது என்றார். சொல்லிக்கொண்டே நறுக்கி முடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற சிறு பெண் நீலத் துணியை எடுத்து நீலத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு எதையும் நினைவூட்டவில்லை. கோஷர் என்றால் என்ன என்று நான் படித்ததைவிட அந்த அரை மணி நேரத்தில் கற்றதே அதிகம்.

சுகாதாரம் என்ற விளக்கத்துக்கு வருகிறேன். அது நேற்று வந்ததல்ல. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராக இருந்த யூத அறிஞர் மைமோனிடீஸே விலக்கப்பட்ட உணவுகள் உடலுக்கு ஆகாதவை என்று எழுதினார். 15ஆம் நூற்றாண்டில் பிறந்த அபர்பனெல் என்ற யூத அறிஞர் அதை மறுத்தார். பன்றி தின்னும் மக்கள் நலமாகத்தானே இருக்கிறார்கள், தோரா என்ன வைத்திய நூலா என்பது அவருடைய வாதத்தின் சாரம். நான் அபர்பனெல் பக்கம். ஒட்டகக்கறியால் என்ன நோய் வருகிறது? வெங்காயம் நறுக்கும் கத்திக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன தொடர்பு? பழைய ரபி ஒருவரான எலயாசர் பென் அசரியா இதை நேராகச் சொல்லிவிட்டார்: பன்றிக்கறி எனக்குப் பிடிக்காது என்று சொல்லாதே, பிடிக்கும், ஆனால் என்ன செய்வேன், பரலோகத் தந்தை வேண்டாம் என்றுவிட்டாரே என்று சொல். அதாவது அருவருப்பும் இல்லை, பயமும் இல்லை, கீழ்ப்படிதல்.

சுகாதார விதிக்காக யாரும் உயிரைக் கொடுப்பதில்லை. கத்தோலிக்க விவிலியத்தில் மக்கபேயர் இரண்டாம் நூலின் 6ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கிரேக்க மன்னன் அந்தியோக்கின் காலத்தில், எலயாசர் என்ற வேறொரு தொண்ணூறு வயது முதியவரின் வாயைத் திறந்து பன்றிக்கறியைத் திணிக்கிறார்கள். பழகிய அதிகாரிகள் இரங்கி, உனக்கு ஆகும் இறைச்சியையே கொண்டுவா, பன்றிக்கறி தின்பதுபோல் நடித்துவிடு என்கிறார்கள். தொண்ணூறு வயதில் மதம் மாறிவிட்டான் என்று இளைஞர்கள் நினைப்பார்களே என்று மறுத்து, அடிபட்டுச் சாகிறார். உயிராபத்தில் இருப்பவன் பன்றிக்கறி தின்றாவது பிழைக்கவேண்டும் என்பதும் இதே யூதச் சட்டம்தான். எலயாசரிடம் கேட்டது பசிக்குத் தின்னச்சொல்லி அல்ல, ஊரறியத் தன் கடவுளைக் கைவிடச்சொல்லி.

இனி அந்த மீதிப் பாதி. கோஷர் பெரும்பாலும் பொருள்களைப் பற்றிய சட்டம், யார் தொட்டார் என்பதைப் பற்றியது அல்ல. ஆனால் இரண்டு இடங்களில் ஆள் வருகிறார். திராட்சை ரசத்தை யூதர்தான் செய்யவேண்டும். சில முக்கியமான உணவுகளைச் சமைப்பதில் யூதர் ஒருவரின் கை இருக்கவேண்டும், பல மரபுகளில் அடுப்பைப் பற்றவைத்தாலே போதும். கலப்புத் திருமணத்தைத் தடுக்கத்தான் இந்த விதிகள் என்று தால்முத் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது. சிதறி வாழ்ந்த சிறு கூட்டம் கரைந்துபோகாமல் இருக்கப் போட்டுக்கொண்ட வேலி அது. வேலி இல்லை என்று நான் உங்களிடம் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பாட்டி காலத்துத் தீட்டு, எதிரே நிற்பவரைப் பிறப்பால் தாழ்ந்தவர் என்றது. இங்கே அது இல்லை. யூதரல்லாதவர் பன்றியும் இறாலும் தின்பது குற்றமே அல்ல, அந்தச் சட்டம் அவர்களுக்கு இடப்படவில்லை. மதம் மாறி வருபவர் அன்றே முழு யூதர், அவர் சமைப்பதைத் தடையின்றிச் சாப்பிடலாம். மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவில் கோஷர் சான்றிதழோடு தென்னிந்தியச் சைவ உணவகங்கள் நடந்திருக்கின்றன. அங்கே தோசை வார்ப்பவர் நம்மூர்க்காரர், கண்காணிப்பு மட்டும் ரபியின் ஆளுடையது.

எல்லா யூதரும் இப்படி அல்ல. அமெரிக்கச் சீர்திருத்த யூதர்கள் 1885இல் பிட்ஸ்பர்க்கில் கூடி, உணவு விதிகள் இன்று கட்டாயமில்லை என்று அறிவித்தார்கள். எதிர்த்திசையில், கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் என்ற யூத மக்கள் உலக யூதர்களோடு தொடர்பு அற்றுப்போன காலத்திலும் செதிளில்லாத மீனை ஒதுக்கியே வந்தார்கள். டேவிட் ரஹாபி என்பவர் கலந்த மீன்களைப் பெண்களிடம் கொடுக்க, அவர்கள் சிறகும் செதிளும் உள்ளவற்றை மட்டும் பிரித்தெடுத்துச் சமைத்ததைக் கண்டு இவர்கள் யூதர்களே என்று அறிந்தார் என்பது அவர்களின் மரபுக் கதை. கறிக்குழம்பில் தயிர் சேர்க்க முடியாதபோது அவர்களும் கொச்சி யூதர்களும் தேங்காய்ப்பாலை ஊற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

பாட்டிலில் தேடிய குறி பெரும்பாலும் வட்டத்துக்குள் ‘யு’ எழுத்தாக இருந்திருக்கும். ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற யூத அமைப்பின் சான்று அது, பக்கத்தில் ‘டி’ இருந்தால் பால் சம்பந்தப்பட்டது. இன்னும் பல அமைப்புகளின் குறிகள் உண்டு. 1935இல் அட்லாண்டாவின் ரபி டோபியாஸ் கெஃபென், கோகோ கோலாவில் விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் இருப்பதைக் கண்டு சொல்ல, நிறுவனம் தாவரக் கிளிசரினுக்கு மாறியது. ஒரு குறிக்குப் பின்னால் இவ்வளவு விசாரணை இருக்கிறது.

மறுபடி தாராளமாக அழையுங்கள். நறுக்காத பழம், குறியுள்ள பிரிக்காத பாக்கெட்டுகள், காகிதத் தட்டு இருந்தாலே மரியாதையான விருந்துதான். இன்னும் ஒரு படி போக ஆசையென்றால் அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். புதுப் பாத்திரமும் கரண்டியும் கத்தியும் வாங்கிவைத்து, பருப்பையும் பொடிகளையும் அவர் பார்த்து ஒப்புக்கொண்டு, அடுப்பை அவரே பற்றவைத்தால், சாம்பாரை நீங்கள் வைக்க அவர் மரபு இடம்தரக்கூடும். காலிஃப்ளவர் மட்டும் வேண்டாம். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள், வண்டி ஓட்டமாட்டார்கள், அந்த நேரத்தைத் தவிருங்கள். பஸ்கா பண்டிகை வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அப்போது புளிப்பில்லாத அப்பம் தவிர வேறு கோதுமைப் பண்டம் ஆகாது, ஐரோப்பிய வழி யூதர்களில் ஆசாரமானவர்களுக்குப் பருப்பும் அரிசியும்கூட ஆகாது. நம் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், பஸ்காவில் அதுவும் உள்ளே வரமுடியாது.